'புட் ஆஃப்' என்றால் ரத்து இல்லை

நண்பரே, 'தி மீட்டிங் ஹேஸ் பீன் புட் ஆஃப்' என்று வந்த மெயிலைப் பார்த்து, கூட்டமே ரத்து என நினைத்துப் புதிய தேதியில் போகாமல் இருந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். 'புட்' வரும் தொடர்களை எப்படி மனப்பாடம் செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். புட் ஆஃப் என்றால் தள்ளிவைப்பது. ரத்து செய்வது 'கால் ஆஃப்'. இரண்டிலும் 'ஆஃப்' இருப்பதால் குழப்பம் வருவது இயல்புதான், மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள்.

மனப்பாடம் வேண்டாம். நம் 'விட்டுக்கொடு'வைப் பாருங்கள். அதில் விடுவதையும் கொடுப்பதையும் தனித்தனியே தேடினால் பொருள் கிடைக்குமா? 'போட்டுக்கொடு' இன்னும் கடினம். இவற்றை நாம் பட்டியல் போட்டுப் படிக்கவில்லை, பேச்சில் கேட்டுப் பழகினோம். அப்படியே 'புட் அவுட் தி ஃபயர்' (தீயை அணை), 'புட் ஆன் எ ஷர்ட்' (சட்டை போடு), 'புட் அப் வித் தி நாய்ஸ்' (சத்தத்தைப் பொறுத்துக்கொள்) என்று முழுத் தொடராக எழுதி, வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இதைவிட முக்கியம், 'இட்' உட்காரும் இடம். 'புட் இட் ஆஃப்' சரி, 'புட் ஆஃப் இட்' தவறு. பெயர்ச்சொல் என்றால் 'புட் ஆஃப் தி மீட்டிங்', 'புட் தி மீட்டிங் ஆஃப்' இரண்டும் சரி. ஆனால் 'புட் அப் வித்' பிரியவே பிரியாது. 'புட் அப் வித் இட்' மட்டும்தான். நன்றாகப் பேசுகிறவர்களும் சறுக்குவது இங்கேதான்.

அலுவலக மெயிலில் நீங்கள் எழுதும்போது ஐயம் வந்தால் 'போஸ்ட்போன்' போடுங்கள். பொருள் அதேதான், 'இட்' எங்கே வரும் என்ற கவலையும் இல்லை.