பில்லூர்த் தண்ணீர்: வாசகர் கேள்விகள்

எங்கள் மலையில் பெய்யும் மழை கோவைக்குப் போகிறது. ஊட்டியில் நாங்கள் கோடையில் குடத்தோடு நிற்கிறோம். இது என்ன நியாயம்? (ஊட்டி வாசகி)

தண்ணீருக்கு நியாயம் தெரியாது, பள்ளம்தான் தெரியும். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; கோவைக்குக் குடிநீர் தரும் பில்லூர் அணையோ வெகு கீழே. அங்கிருந்து மேலேற்றினால் மின்கட்டணமே நகராட்சியை விழுங்கிவிடும். உங்களுக்குப் பார்சன்ஸ்வேலி, மார்லிமந்து, டைகர்ஹில் அணைகள் உண்டு. அவற்றைத் தூர்வாரச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு வாரம் மழை பெய்தால் மேட்டுப்பாளையத்துக்கு வெள்ள எச்சரிக்கை. கோடை வந்தால் குடிநீர்த் தட்டுப்பாடு. பில்லூருக்கு என்னதான் ஆயிற்று? (காரமடை வாசகர்)

பில்லூரைப் பெரிய சேமிப்பு அணை என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. 1960களில் மின் உற்பத்திக்காகக் கட்டிய 100 அடி அணை அது. கொள்ளளவே குறைவு, அதிலும் வண்டல் இடம் பிடித்துக்கொண்டது. 97 அடி வந்தாலே உபரி நீரைப் பவானியில் திறந்துவிடுகிறார்கள். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அத்தகைய மழையை இந்த அணையால் பிடித்துவைக்க முடியாது.

உண்மையான கையிருப்பு மலைமேல் இருக்கிறது: 210 அடி அப்பர்பவானி, அவலாஞ்சி, எமரால்டு அணைகள். அந்த நீர் குந்தா, கெத்தை, பரளி மின்நிலையங்களில் மின்சாரம் கொடுத்துவிட்டுத்தான் பில்லூருக்கு இறங்குகிறது. ஆகவே கோடையில் கோவையின் குடிநீர், மேலே மின் உற்பத்தி எவ்வளவு நடக்கிறது என்பதையும் பொறுத்தது. நகரத்தார் வானத்தைப் பார்க்கிறார்கள். நான் மின்வாரியத்தைப் பார்ப்பேன். குடிநீருக்கென்று மேல் அணைகளில் ஒரு பங்கை எழுத்துப்பூர்வமாக ஒதுக்கிவைப்பதே என் கட்சி.

பவானி தமிழக ஆறா, கேரள ஆறா?

நீலகிரியில் பிறந்து, கேரளத்தின் அட்டப்பாடிக்குள் போய், முக்காலி என்ற ஊரில் திரும்பி, மறுபடி தமிழ்நாட்டுக்கு வருகிறது. சண்டைக்கு வசதியான ஆறு.

அணை நீடிக்க மலையில் மரம் நடலாமா? (மஞ்சூர் கல்லூரி மாணவர்)

எங்கே என்பதைப் பாருங்கள். மேல்மலைப் புல்வெளியில் வேண்டாம். சோலைக்காடும் புல்வெளியும் சேர்ந்துதான் மழையை மெல்ல ஓடைக்கு விடுகின்றன. அங்கே பரவிய சீகை (வாட்டில்) மரங்களை அகற்றினாலே பெரிய வேலை. வண்டலைக் குறைக்க வேண்டுமானால், செங்குத்துச் சரிவுகளில் கேரட், உருளைக்கிழங்குக்காகக் கிளறப்படும் மண்ணைக் கவனியுங்கள்.

கோவைக்கான மூன்றாம் பில்லூர்க் குடிநீர்த் திட்டம் வந்ததால் அணையின் சுமை கூடுமா?

பெயர்தான் பில்லூர். நீரை எடுப்பது அணைக்குக் கீழே, நெல்லித்துறை அருகே பவானி ஆற்றில். ஆனாலும் கோடையில் அணை திறந்தால்தான் அங்கே ஆறு ஓடும்.