கோத்தகிரியில் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன், எல்.ஐ.சி. எப்படி உருவானது, அதில் எனக்கு என்ன பயன்?

1956-க்கு முன் ஆயுள் காப்பீடு பெரும்பாலும் தனியார் கையில்தான் இருந்தது, சில நிறுவனங்கள் பாலிசிதாரர் பணத்தைச் சுருட்டிய கதையும் உண்டு. அந்த ஆண்டு ஜனவரியில் அவசரச் சட்டம் போட்டு, இந்திய, வெளிநாட்டு நிறுவனங்களும் சிறு தொகைக்குக் காப்பீடு நடத்திய பிராவிடண்ட் சங்கங்களுமாக 245-ஐ அரசே எடுத்துக்கொண்டது. செப்டம்பர் 1-ல் 5 கோடி ரூபாய் முதலீட்டில் எல்.ஐ.சி. பிறந்தது. சென்னை அண்ணா சாலையில் 14 மாடியோடு நிற்கிறதே, அந்த எல்.ஐ.சி. கட்டடம் 1959-ல் திறந்தது. 2022-ல் 3.5 சதவீதப் பங்கைச் சந்தையில் விற்றார்கள். ஆனாலும் பாலிசித் தொகைக்கும் போனஸுக்கும் மத்திய அரசின் உத்தரவாதம் சட்டத்தின் 37-வது பிரிவில் அப்படியேதான் இருக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். பனி விழும் ஜனவரி, பிப்ரவரியில் கொழுந்து கருகி, ஃபேக்டரிப் பணமும் சுருங்கிவிடும், அதனால் மாதத் தவணை எடுக்காதீர்கள், தேதி தாண்டினால் கட்ட அதற்குச் சலுகை நாள் 15தான். அரையாண்டுத் தவணை என்றால் 30 நாள் கிடைக்கும், அதையும் இலை நன்றாக வரும் மாதங்களில் விழுகிற மாதிரி பாலிசியைத் தொடங்குங்கள். காலாவதியானாலும் பெரும்பாலும் 5 ஆண்டுக்குள் வட்டி கட்டிப் புதுப்பிக்கலாம். அவசரத்துக்குப் பல பாலிசிகளின் மேலேயே கடன் வாங்கலாம், நகையை அடகு வைப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

அப்புறம், ஜீப்புக்கும் வீட்டுக்கும் எல்.ஐ.சி.யைக் கேட்காதீர்கள், அது பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் வேலை. ஏஜென்ட் நீட்டும் படிவத்தில் சர்க்கரை, பிரஷர் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.