மூளைக்கு ரத்த ஓட்டம் குறைந்தால் மூலிகை கேப்சூல் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. போன வருஷம் லேசான பக்கவாதம் வந்து சரியாகிவிட்டது. கழுத்துத் தமனியில் அடைப்பு இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின், ரத்தக் கொதிப்பு மாத்திரை மூன்றும் சாப்பிடுகிறார். ஜிங்கோ மர இலைச் சத்து, வின்போசெட்டின், மஞ்சள் சத்து கலந்த கேப்சூல் ஒன்றைச் சித்தப்பா வாங்கி வந்து, “மூளைக்கு ரத்தம் ஏத்தும்” என்கிறார். கொடுக்கலாமா? – வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: கொடுக்க வேண்டாம். சித்தப்பா மனம் நோகாமல் புட்டியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அதையும் எடுத்துப் போங்கள்.

அவர் சொல்வதும் முழுக்கக் கட்டுக்கதை இல்லை. எலியின் இரண்டு கழுத்துத் தமனிகளையும் கட்டி, மூளைக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துப் பார்க்கும் சோதனை பல காலமாக நடக்கிறது. அதில் ஜிங்கோ, மஞ்சளிலுள்ள குர்குமின், வல்லாரைச் சத்து எல்லாமே நரம்பணுக்கள் சாவதையும் வீக்கத்தையும் குறைத்திருக்கின்றன. ஆனால் அந்த எலி பெரும்பாலும் இளசு, நோய் இல்லாதது. மருந்தும் தமனியைக் கட்டுவதற்குச் சற்று முன்போ பின்போ கொடுக்கப்படுகிறது. உங்கள் அப்பாவின் தமனியில் இருப்பதோ பல வருஷமாகப் படிந்த கொழுப்பு.

மனிதர்களிடம் வந்ததும் கதை மாறுகிறது. அமெரிக்காவில் 75 வயதுக்கு மேற்பட்ட சுமார் 3,000 பேரை வைத்து நடந்த ஜிங்கோ ஆய்வின் முடிவு 2008இல் வந்தது. தினமும் 240 மில்லிகிராம் கொடுத்தும் மறதி நோய் வருவது குறையவில்லை. மூளையில் ரத்தக் கசிவு ஜிங்கோ பிரிவில் 16 பேருக்கு, மருந்தில்லாத வெற்று மாத்திரைப் பிரிவில் 8 பேருக்கு. எண்ணிக்கை சிறியது, அதை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ரத்தம் உறையாமலிருக்க ஏற்கெனவே குளோபிடோக்ரல் எடுப்பவருக்கு, அதே திசையில் இழுக்கக்கூடிய ஒன்றை ஏன் மேலே ஏற்ற வேண்டும்?

நம்மூர் உதாரணமும் உண்டு. நியூரோஎய்ட் என்ற சீனப் பாரம்பரியக் கூட்டு மருந்தைப் பக்கவாதம் வந்த 72 மணி நேரத்துக்குள் கொடுத்துச் சோதித்தார்கள். சிங்கப்பூர் ஆய்வாளர்கள் முன்நின்று 1,100 பேரிடம் செய்த ஆய்வு அது. மூன்று மாத முடிவில், வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடக் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. 2013இல் அது வெளியானது. இப்படி நேர்மையாகச் சோதித்துப் பார்த்ததே பெரிய விஷயம் என்பேன். உங்கள் சித்தப்பாவின் புட்டிக்கு அந்த அளவு சோதனைகூட நடந்திருக்காது. “கடையில் விற்கிறார்களே” என்பதும் சான்றாகாது: இங்கே சத்து மாத்திரைகளை விற்க, சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவையில்லை.

வின்போசெட்டினைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. வின்கா என்ற செடியின் சத்திலிருந்து ஆய்வகத்தில் செய்யப்படுவது அது. சில நாடுகளில் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் கிடைக்கும். கருச்சிதைவு ஏற்படலாம், கருவின் வளர்ச்சி பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2019இல் எச்சரித்தது. ஆக, அப்பா வேண்டாமென்றால் நாம் சாப்பிடலாமே என்று வீட்டுப் பெண்கள் யாரும் எடுத்துவிடாதீர்கள். வின்போசெட்டின் ரத்த அழுத்தத்தையும் இறக்கக்கூடும். தமனி குறுகியவருக்கு அழுத்தம் சட்டென்று விழுந்தால், குறுகலைத் தாண்டிப் போகும் ரத்தம் இன்னும் குறையும். அப்பா எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா என்று கேளுங்கள். சுற்றினால் உட்கார்ந்தபோது ஒரு முறை, எழுந்து நின்றபின் ஒரு முறை அழுத்தம் பார்த்துக் குறித்து, பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

சமையல் மஞ்சளுக்குப் பயமில்லை. மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றில் மூன்று பங்கு அளவுதான். கேப்சூலிலோ அதைச் செறிவாக்கி, உடம்பில் ஏறுவதற்காக மிளகுச் சத்தும் சேர்ப்பார்கள்; அந்த மிளகுச் சத்து மற்ற மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் கூட்டலாம். தேக்காவில் வல்லாரைக் கட்டு வாங்கித் துவையல் அரைத்தால் அப்பா தாராளமாகச் சாப்பிடட்டும். உப்பை மட்டும் குறையுங்கள்.

வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ எந்தக் கேப்சூலையும் தேட வேண்டாம், 995ஐ அழையுங்கள். மூளைத் தமனியை அடைக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அப்பாவைக் கடைசியாக நன்றாகப் பார்த்தது எத்தனை மணிக்கு என்பதைத்தான் மருத்துவர்கள் முதலில் கேட்பார்கள்.