வீட்டில் முழங்கும் கிட்டார் மேடையில் ஏன் காணாமல் போகிறது?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "மாதா கோயில் திருவிழாக் கச்சேரிகளில் ரிதம் கிட்டார் வாசிக்கிறேன். மூன்று பெடலும் (காலால் தட்டி ஒலியை மாற்றும் பெட்டி) ஒரு மல்டி எஃபெக்ட்ஸும் (பல பெடல்களின் வேலையைச் செய்யும் ஒரே பெட்டி) இருக்கின்றன. வீட்டில் கனமாகக் கேட்கிறது. மேடையில் காணாமல் போகிறது, இல்லாவிட்டால் வண்டு மாதிரி இரைகிறது. அடுத்து எந்தப் பெடல் வாங்கலாம்?"

எதுவும் வாங்க வேண்டாம் தம்பி. வீட்டில் தனியாக வாசிக்கும்போது பேஸையும் (அடி ஒலி) டிரெபிளையும் (உச்ச ஒலி) ஏற்றி மிட்டைக் (நடு ஒலி) குறைத்தால் இனிமையாக இருக்கும். மேடையில் கீழ்ப்பகுதியை பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் பிடித்துக்கொள்கின்றன, மேலே சிம்பல். உங்களுக்கு மிச்சம் மிட்தான். அதை ஏற்றுங்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மிக்ஸரில் வெட்டச் சொல்லுங்கள். டிஸ்டார்ஷன் கெய்ன், அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் அளவு, வீட்டில் வைப்பதில் பாதி போதும். ரிவெர்பை (எதிரொலி) பாடகருக்கு விட்டுவிடுங்கள்.

வண்டு இரைச்சல், டிஸ்டார்ஷனை நேராக மிக்ஸரில் சொருகுவதால் வருவது. கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள கரகரப்பை விழுங்கிவிடும். மேடை ஸ்பீக்கர் அப்படியே வெளியே தள்ளும். மல்டி எஃபெக்ட்ஸைக் கடைசியில் வைத்து, அதிலுள்ள கேப் சிம்மை (கிட்டார் ஆம்ப் ஸ்பீக்கரைப் போலவே ஒலியை வடிகட்டும் அமைப்பு) போடுங்கள். ஒரு விலக்கு உண்டு: ஆம்புக்குள் சொருகினால் கேப் சிம்மை அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் ஸ்பீக்கருக்குள் இன்னொரு ஸ்பீக்கர் வைத்த மாதிரி, போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போலக் கேட்கும். அந்த ஆம்புக்கு முன்னால் மைக் வைத்து மிக்ஸருக்கு அனுப்பினாலும் அணைத்தே இருக்கட்டும். ஆம்ப், மிக்ஸர் இரண்டுக்கும் தனித்தனி ஒயர் போனால், மிக்ஸருக்குப் போகும் ஒயரில் மட்டும் கேப் சிம் இருக்க வேண்டும்.

'உம்'மென்ற இரைச்சல் வேறு. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அடாப்டரின் எர்த் பின்னை உடைத்தால் இரைச்சல் போய்விடும் என்று சவுண்ட் செட் ஆட்கள் சொல்வார்கள். போகும். கூடவே உயிரும் போகலாம். தந்தியில் கை, மைக்கில் உதடு, காலடியில் உப்புக்காற்றில் ஈரமான மேடை. மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு மேடையில் இப்படி வாங்கிய ஷாக்கில் நான் கீழே விழுந்திருக்கிறேன். மேடைக்கு எத்தனையோ கையெழுத்து வாங்குகிறார்கள். எர்த் இருக்கிறதா என்று பார்க்க நான் வாசித்த இடங்களில் ஒருவர்கூட வந்ததில்லை. பேண்டையும் சவுண்டையும் சேர்த்துப் பேசிக் கமிஷன் எடுக்கும் புரோக்கருக்கு இதில் அக்கறையே கிடையாது. டி.ஐ. பாக்ஸில் (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பும் பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கும், அதைத் தட்டச் சொல்லுங்கள். அது சிக்னல் ஒயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும், கரண்டின் எர்த் அப்படியே இருக்கும். மேடை லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று முன்பணம் வாங்கும்போதே கேளுங்கள். இல்லையென்றால் வாசிக்க மாட்டேன் என்று சொல்லுங்கள்.

அப்புறம், வாரம் ஒருமுறை ஜாக்குகளைத் துடையுங்கள். நம் காற்றில் சீக்கிரம் பச்சை பிடித்துவிடும்.