அப்பாவின் திவாலும் மகளின் கையெழுத்தும்

போன சனிக்கிழமை நியூ ஜெர்சிக் குடும்பம் ஒன்று என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தது. அப்பாவின் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே கடன் வசூல் நிறுவனங்களின் கடிதங்கள், பாதிக்கு மேல் பிரிக்கப்படவே இல்லை. தொழில் நொடித்துப் போய் திவால் மனு கொடுத்தவர். மகள் கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டாண்டுக் கல்லூரியில், இரண்டாம் ஆண்டு, அமெரிக்கக் குடியுரிமை உண்டு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் சைபர் வேலைக்குப் போகவேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு செக்யூரிட்டி கிளியரன்ஸ், அதாவது அரசு ரகசியங்களைக் கையாளும் அனுமதி, வேண்டும்.

"என்னால அவளுக்கு செக்யூரிட்டி கிளியரன்ஸ் கிடைக்காமப் போயிடுமா சார்?"

பயப்படாதீர்கள் என்றேன். ஆனால் அடுத்து அவர் சொன்னதற்கு என்னால் தலையாட்ட முடியவில்லை. கிளியரன்ஸ் எப்படியும் கிடைக்காது, பேர்பெற்ற தனியார் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிவிடு என்று அவர் தம்பி நெருக்குகிறாராம். ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல் ஆகும். கடன் மகள் பெயரில், ஜாமீன் சித்தப்பா.

ஐயா, கிளியரன்ஸுக்கு நிரப்பவேண்டிய எஸ்எஃப்-86 படிவத்தின் 26-ஆம் பகுதி விண்ணப்பிப்பவரின் பணவிஷயத்தைத்தான் கேட்கிறது. கடந்த 7 ஆண்டுகளில் அவர் திவாலானாரா, வரி கட்டாமல் விட்டாரா, எந்தக் கடனையாவது 120 நாளுக்கு மேல் பாக்கி வைத்தாரா? ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனும் இதில் சேர்த்தி. உங்கள் திவால் உங்களுடையது. மீதி இரண்டு ஆண்டுக்கு அவள் பெயரில் வாங்கப்போகும் 1,60,000 டாலர்தான் அவளுடையது.

கடன் இருப்பதே குற்றமில்லை. 2017-இல் நடைமுறைக்கு வந்த விதிகள் வேலையிழப்பு, நோய், விவாகரத்து எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன, அந்த நேரத்தில் பொறுப்பாக நடந்துகொண்டாரா என்றுதான் பார்க்கின்றன. படிவத்தில் மறைத்தால் கடனைவிட அதுவே பெரிய வினை. கிளியரன்ஸ் கிடைத்த பிறகும் கண்காணிப்பு ஓயாது. முதல் சம்பளத்திலேயே தவணை தவறும் அளவுக்கு ஒரு பிள்ளையின் தலையில் கடனை ஏற்றிவிட்டு, அதைப் பெருமை என்கிறார் உங்கள் தம்பி. நான் ஒப்பமாட்டேன்.

யாரும் உங்களிடம் சொல்லாத வழி ஒன்று உண்டு. பாதுகாப்புத் துறையே தரும் ஸ்மார்ட் உதவித்தொகை. கல்லூரிக் கட்டணம் முழுவதும், அதற்கு மேல் படிப்பின் நிலையைப் பொறுத்து ஆண்டுக்கு 30,000 டாலரிலிருந்து உதவிப்பணம், கோடையில் ஆய்வுக்கூடத்தில் பயிற்சி, படித்து முடித்ததும் அங்கேயே சிவிலியன் வேலை. உதவி பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓராண்டு பணி செய்யவேண்டும், பாதியில் விலகினால் பணத்தைத் திருப்பிக் கட்டவேண்டும். வயது 18, ஜிபிஏ எனும் மதிப்பெண் சராசரி நான்குக்கு 3.0, சீக்ரெட் நிலை கிளியரன்ஸ் பெறும் தகுதி, இவை அடிப்படை. உதவித்தொகை தரும் பாடங்களின் பட்டியலில் கம்ப்யூட்டர் அறிவியலும் இருக்கிறது. எந்த ஊரில் போடுவார்கள் என்பது அவளை எடுத்துக்கொள்ளும் மையத்தைப் பொறுத்தது, அதற்கு வீட்டார் தயாராக இருக்கவேண்டும். போட்டி கடுமைதான். கிடைக்காவிட்டாலும், ரட்கர்ஸ் போன்ற மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வீட்டிலிருந்தே போய்வந்தால் கடன் அவள் தாங்கும் அளவில் நிற்கும்.

பேச்சுக்கு நடுவே அந்தப் பையைத் துழாவினோம். ஓர் உறையில் மகளின் பெயர். அப்பா அவள் பெயரில் வாங்கிக் கொடுத்த போன் கணக்கு, 412 டாலர் பாக்கி. அவளுக்கே தெரியாது. திவாலைவிட எனக்கு இதுதான் பதைப்பாக இருந்தது. அவளையே பிரிக்கச் சொன்னேன். என் மேஜையிலிருந்தே வசூல் நிறுவனத்தை அழைத்து, பாக்கியை மூன்று தவணையில் கட்டுவதாகப் பேசி முடித்தாள். அதை எழுத்தில் அனுப்பும்படியும் கேட்டுக்கொண்டாள்.

ஸ்மார்ட் விண்ணப்பம் ஆகஸ்டில் திறந்து டிசம்பர் முதல் வாரத்தில் மூடும். அதற்குள் அவள் பெயரிலுள்ள கடன், பாக்கி எல்லாம் பதிவாகும் கிரெடிட் அறிக்கையை இலவசமாக எடுத்து வரிவரியாகப் பாருங்கள். மற்ற உறைகளையும் இந்த வாரமே பிரித்துவிடுங்கள், அவளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு.