உப்பளத்தில் ஓர் அஞ்சறைப்பெட்டி

கேள்வி: கடற்கரைக் காட்சியில் வீட்டுச் சாமான் ஒன்றை வரைந்தால் மட்டும் அது சர்ரியலிச ஓவியமாகிவிடுமா, அதாவது கனவில் போல நடக்க முடியாததை நிஜம்போலக் காட்டும் ஓவியமாகிவிடுமா?

ஆகாது. தனுஷ்கோடி மணலில் ஒரு நாற்காலியை வரைந்தால், யாரோ மறந்துவிட்டுப் போனதாகவே பார்ப்பவர் நினைப்பார். பொருளின் ஏதாவது ஒரு விதி உடைய வேண்டும்: அளவு, எடை, தன்மை. சால்வடார் டாலி 1931இல் வரைந்த உருகும் கடிகாரங்களைப் பாருங்கள். கடிகாரம் துணியாய்த் தொங்குகிறது. பின்னால் உள்ள பாறைகளோ அவர் வாழ்ந்த ஸ்பெயினின் காட்டலோனியக் கடற்கரையின் அச்சு அசலான பாறைகள். நிலம் உண்மையாக இருப்பதால்தான் பொய் நம்பவைக்கிறது. பெல்ஜிய ஓவியர் ரெனே மகரித் 1952இல் வரைந்த ஓர் ஓவியத்தில் சீப்பைக் கட்டிலுக்கு இணையாக வளர்த்து, அறைச் சுவர்களையே மேகம் மிதக்கும் வானமாக்கினார்.

நம் கரையில் என்றால், நான் ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கம் உப்பளத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன். மரத்தாலான பழைய அஞ்சறைப்பெட்டியின் கட்டங்களும் உப்புப் பாத்திகளும் ஒரே வடிவம். பெட்டியை அடிவானம் வரை நீட்டுங்கள். ஒரு கட்டத்தில் மஞ்சள், அடுத்ததில் மிளகு, மற்றவற்றில் உப்பு நீர். வரப்பில் உப்பு வாரும் பெண்களை அவர்களுடைய இயல்பான அளவிலேயே நிறுத்துங்கள். எல்லா நிழலும் ஒரே பக்கம் விழட்டும். நிழல் பிசகினால் வெட்டி ஒட்டிய படமாகத்தான் தெரியும்.

முதலில் நேரில் போய் அந்த வெயிலை வரைந்து பழகுங்கள். பெட்டியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.