சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகும் கார்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஏசி போட்டுக்கொண்டு சிக்னலில் நின்றால் வண்டி நடுங்கி ஆஃப் ஆகிவிடுகிறது. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. மெக்கானிக் ஸ்க்ரூவைத் திருப்பி ஸ்பீடு ஏற்றிக் கொடுத்தார். பத்தே நாளில் பழையபடி ஆகிவிட்டது. (திருப்பூர்)

அந்த ஸ்க்ரூவைத் தொட்டிருக்கவே கூடாது. அது ஐடில் (பெடலை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) வைப்பதற்கான ஸ்க்ரூ இல்லை, காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் பிளேட் முழுக்க மூடிச் சிக்கிக்கொள்ளாமல் இருக்க வைத்த தடுப்பு. அதைத் திருப்பினால் பிளேட் எப்போதும் கொஞ்சம் திறந்தே நிற்கும். நீங்கள் பெடலில் கால் வைத்திருப்பதாக ஈசியூ (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) நினைத்துக்கொண்டு, ஐடிலைக் கவனிப்பதையே விட்டுவிடலாம்.

பெடலிலிருந்து காலை எடுத்ததும் பிளேட் மூடிக்கொள்ள, இன்ஜினுக்கு வேண்டிய காற்று பக்கத்தில் உள்ள ஒரு சின்னச் சந்து வழியாகப் போகிறது. அந்தச் சந்தை ஒரு கூம்பு முனை ஊசி திறந்து மூடுகிறது. அதுதான் ஐஏசி வால்வு. ஏசி கம்ப்ரஸர் பிடிக்கும் நொடியில் ஊசி பின்வாங்கி, காற்றைக் கூட்டித் தர வேண்டும். சந்தில் கரி அடைத்திருந்தால் ஊசி எவ்வளவு பின்வாங்கியும் காற்று போதாது.

த்ராட்டில் பாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிளேட்டின் விளிம்பைச் சுற்றிக் கண்ணுக்கு மை தீட்டியதுபோல ஒரு கறுப்பு வளையம் இருக்கும். தொட்டால் பிசுபிசுக்கும். த்ராட்டில் பாடி கிளீனரும் மெல்லிய துணியும் போதும், எமரி பேப்பர் வேண்டாம். வால்வின் ஊசியைக் கையால் அழுத்தவோ முறுக்கவோ கூடாது, உள்ளே இருக்கும் நுண்ணிய மரை போய்விடும். சுத்தம் செய்தபின் ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, அந்த வண்டியின் மேனுவலில் உள்ள முறைப்படி ஐடிலை மறுபடி கற்கவிட வேண்டும். இதைச் செய்யாமல் வண்டியைக் கொடுத்துவிட்டால், சுத்தம் செய்ததாலேயே ஆர்பிஎம் ஏறி நிற்கும். பிறகு நல்ல வால்வைக் குறை சொல்லி மாற்றுவார்கள்.

நியூட்ரலில் ஆர்பிஎம் 800க்கும் 1500க்கும் இடையே ஊஞ்சலாடுகிறது. (நாகர்கோவில்)

பெரும்பாலும் திருட்டுக் காற்றுதான், அதாவது கசிவு வழியே உள்ளே நுழையும் காற்றுதான் காரணம். எங்கோ ஒரு வேக்கம் ஹோஸ் (இன்ஜினின் உறிஞ்சும் விசை போகும் ரப்பர் குழாய்) வெடித்திருக்கும், அல்லது காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் மேனிஃபோல்டின் கேஸ்கெட் விட்டிருக்கும். வேக்கம் ஹோஸ்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் மெதுவாக நெரித்துப் பாருங்கள். எதை நெரிக்கும்போது ஆட்டம் நிற்கிறதோ அந்த வழியில்தான் கசிவு. பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸை மறக்கவேண்டாம். சூடான இன்ஜின்மேல் கிளீனரைப் பீய்ச்சிக் கசிவு தேடும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. தீப்பிடிக்கும், செய்யாதீர்கள்.

ரேடியேட்டர் வேலை பார்த்ததிலிருந்து மைலேஜ் விழுந்துவிட்டது. சைலன்சரில் பெட்ரோல் வாடை அடிக்கிறது. ஐடிலும் உயரமாகவே நிற்கிறது. (மதுரை)

தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) கழற்றி எறிந்துவிட்டார்களா என்று முதலில் கேளுங்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?" என்று சொல்லியே கழற்றுவார்கள். எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. என் சொந்த வண்டிக்கே ஒரு பட்டறையில் இப்படிச் செய்தார்கள். நான் அதைக் கவனிக்காமல் பிளக், ஃபில்டர் எல்லாம் மாற்றி ஒரு மாதம் அலைந்தேன். கடைசியில் ஸ்கேனரில் கூலன்ட் வெப்பத்தைப் பார்த்தேன். நெடுஞ்சாலையில் ஓடும்போதும் அது 60 டிகிரியைத் தாண்டவில்லை.

தெர்மோஸ்டாட் சுமார் 82 டிகிரிக்கு மேல்தான் திறக்கும். அது இல்லாவிட்டால் இன்ஜின் சூடேறவே நாளாகும். இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று நம்பி ஈசியூ கூடுதல் பெட்ரோலையும் கூடுதல் காற்றையும் கொடுத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் சொன்ன மூன்று அறிகுறிக்கும் வேர் இதுதான். தெர்மோஸ்டாட் இடத்திலேயே இருந்தால், கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரைச் சோதியுங்கள். அது பொய் சொன்னாலும் இதே கதைதான்.

ஸ்கேனரில் பி0171 என்ற பிழைக் குறியீடு வந்தது. ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். (கோவை)

கலவையில் பெட்ரோல் குறைவு என்றுதான் அந்தக் குறியீடு சொல்கிறது, சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. தகவல் சொன்னவனையே தண்டிப்பது எதற்கு? ஃபியூயல் ட்ரிம்மை (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) ஐடிலில் ஒருமுறை, 2500 ஆர்பிஎம்மில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஐடிலில் +20 காட்டி, ரேஸ் கொடுத்ததும் +5க்கு இறங்கினால் காற்றுக் கசிவு. ரேஸ் கொடுக்கக் கொடுக்க ஏறினால் பெட்ரோல் பம்ப்பையும் ஃபில்டரையும் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: காற்றை நேரடியாக அளக்கும் மாஃப் சென்சார் உள்ள வண்டிகளில்தான் கசிவு இவ்வளவு தெளிவாகத் தெரியும். பல சின்னக் கார்களில் இருப்பது மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் மேப் சென்சார். அவற்றில் திருட்டுக் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடும். ட்ரிம் அதிகம் அசையாது, ஆர்பிஎம்தான் ஏறும்.

கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800. 20 சதவீத எத்தனால் பெட்ரோல் போட்டதிலிருந்து காலையில் இழுவை இல்லை. மிக்சர் ஸ்க்ரூவைத் திறக்கலாமா? (தஞ்சாவூர்)

சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று போதும். இந்தக் கலப்புக்கு ஏறக்குறைய 13.5 கிலோதான் தேவை. அதே ஜெட்டில் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் அளவுத் துளை) ஓடினால் கலவை மெலிந்துதான் போகும். இன்ஜின் நன்கு சூடானபின் ஸ்க்ரூவைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திறந்து, ஆர்பிஎம் உச்சம் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். ஆனால் அது ஐடிலை மட்டும்தான் சரிசெய்யும். ஓட்டத்தில் இழுவை வரவேண்டுமானால் மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்ட வேண்டியிருக்கும். அதற்கு முன்னால், குளிர்ந்த இன்ஜினுக்குக் காற்றைக் குறைத்துத் தரும் சோக் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பெட்ரோல் ஹோஸ்களையும் தடவிப் பாருங்கள். எத்தனாலில் பழைய ரப்பர் ஊறி மெத்தென்று ஆகியிருந்தால், மற்ற எதற்கும் முன்னால் அவற்றை மாற்றிவிடுங்கள்.